தாழ்ப்பாள் போடாத வானொலி அறை

பொழுது சாய்ந்ததும் அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. உப்பளத்துக் குடிசைகள் பக்கமிருந்து, ஆளா அலையா என்று பிரிக்க முடியாத ஒரு முழக்கம்.

பாடத்தைத் தொடங்கிய கையோடு அருமைநாயகம் ஒரு பாட்டை ஓடவிட்டுவிட்டு வானொலி அறைக்கு வெளியே ஓடிவந்தார்.

ஒன்றுமில்லை. இருட்டு. வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்.

“டீச்சரம்மா, நம்மால ஆகாது. வேற ஆளைப் பாத்துக்கிடுங்க.”

வாசலில் நின்ற ரெஜினா அவரைவிட இருபது வயது சின்னவள். வானொலியில் பாடம் நடத்த அவருக்குக் கற்றுக்கொடுப்பவள் அவள்தான். அடுத்த வாரம் அவளுக்கு வேறு ஊர். இவரும் போய்விட்டால், பள்ளிக்கூடம் எட்டாத உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இந்த மாலைப் பாடமும் போச்சு.

“சத்தத்துக்கா பயம், சார்?”

“பயமா? முப்பது வருசம் பிரம்பு பிடிச்ச கை இது.”

கொஞ்சம் யோசித்தார்.

“பயந்தான். சத்தத்துக்கில்ல. சுவரப் பாத்துக் கத்துறேன். ‘எல்லாரும் வந்தாச்சா’ன்னு கேக்குறேன், ஒரு ஈ காக்கா பதில் சொல்லல. கதவத் தெறந்து வச்சாத்தான் மூச்சே வருது.”

“தெறந்து வச்சா தவளையும் சேந்துல்லா பாடம் எடுக்குது.”

“எடுக்கட்டும். அதுக்காவது இன்னொரு தவள பதில் சொல்லும்.”

“வந்தாச்சான்னு கேட்டுட்டு எவ்வளவு நேரம் பொறுப்பீங்க?”

“பொறுக்குறதா? ரேடியோ சும்மா கெடந்தா, செத்துப்போச்சுன்னு அணைச்சிர மாட்டாங்களா?”

அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

பாட்டு நின்றது. குடிசைக்குக் குடிசை ரேடியோவில் அவள் குரல்.

“எல்லாரும் வந்தாச்சா?”

அப்புறம் பேச்சில்லை.

அருமைநாயகத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. ஏதாவது சொல்லேன், தாயி.

அவள் சொல்லவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. இந்த முறை அதை மிதிக்க அவர் பேச்சு இல்லை. நிதானமாக வந்து காதில் உட்கார்ந்தது.

“உள்ளேன் ஐயா.”

பிந்தி, தனியாக ஒரு கீச்சுக்குரல்: “உள்ளேன் ஐயா.”

“டீச்சர்னு சொல்லுங்கல, மடப்பயலுவளா,” என்றார் அருமைநாயகம், இருட்டைப் பார்த்து.

உள்ளே போனார். அவள் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தாள்.

அவர் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.