பல்லக்கு பின்வாங்கிய நாள்

எகிப்தை லிபியர்கள் ஆண்ட காலம். தீப்ஸ் நகரத்துக் கோயிலில் ஆமோன் சாமியின் பல்லக்கைச் சுமக்கிற பூசாரிகளில் ஒருவன் ஹோரி. சட்டென்று கொதித்துப் போகிற ஆள். அவன் தாத்தா உழுத வயலை அந்நாளைய ராஜா ஒரு லிபியச் சிப்பாய்க்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். இப்போது சிப்பாயின் பேரன் மவாசன் அதை உழுகிறான்.

வயலைக் கேட்டு ஹோரியின் அண்ணன் வழக்குப் போட்டார். அந்த ஊரில் தீர்ப்புச் சொல்வது சாமி. கேட்டவனை நோக்கிப் பல்லக்கு வந்தால் ஆம். பின்னால் போனால் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் ஹோரி தன் குரு நெஸமூனிடம் போனான். பல்லக்கின் முன்தண்டு அவர் தோளில்தான் இருக்கும்.

"ஐயா, நடப்பது சாமியா, நாமா?"

"நாளைக்கு என் இடத்தில் நீ தோள் கொடு. தெரிந்துவிடும்."

மல்லுக்கட்டத் தயாராக வந்தவனுக்கு முன்தண்டு கேட்காமலே கிடைத்துவிட்டது.

மறுநாள் விழாவில், வயலை வைத்திருப்பவன் என்பதால் சாமியிடம் முதலில் கேட்க மவாசன் வந்தான். தலையில் லிபியர்கள் செருகும் இறகு. பின்னால் ஈட்டியோடு அவன் ஆட்கள்.

"இறகு முளைச்சிருக்கு, பறந்து போகத்தான் மனசு வரலை" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரித்தார்கள். மவாசன் திரும்பவில்லை. நெற்றி மண்ணில் பட விழுந்தான்.

"சாமி, எங்க அப்பாவும் அங்கேதான் உழுதார். அந்த வயல் எனக்குத்தானா?"

ஹோரி குதிகாலை ஊன்றித் தண்டைப் பின்னுக்குத் தள்ளினான். மற்றவர்கள் தடுமாறி நகர்ந்தார்கள். பல்லக்கு பின்வாங்கியது.

ஈட்டிக்காரர்கள் பாய்ந்தார்கள். மவாசன் கைநீட்டித் தடுத்தான். நெற்றி மண்ணைத் துடைக்காமலே எழுந்து போனான். பொழுது சாய்வதற்குள் மாடுகளை ஓட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டியோடு மேற்கே நடந்தான்.

ஹோரி காலியான வயலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குருவிடம் ஓடினான்.

"ஐயா, ஈட்டி அவனிடம். ராஜாவும் அவன் ஜாதி. எதற்குப் போனான்?"

"கேட்டான். பதில் வந்தது. போனான்."

"பதில் சொன்னது நான்."

"தெரியும்."

"தெரிந்தே விட்டீர்களா?"

"நடப்பது யார் என்று நீதானே கேட்டாய்?"

ஹோரி வாசல் பக்கம் திரும்பினான். "இப்பவே ஓடிப்போய் அவனிடம் உண்மையைச் சொல்கிறேன். வயலை அவனே வைத்துக்கொள்ளட்டும்."

"சொல். வயல் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்" என்றார் நெஸமூன். "நாளைக்கு அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால், யாரிடம் போய்க் கேட்பான்?"