மேனேஜர் திருப்பின இன்ஜின்

ஒரு ஊர்ல ஒரு பூங்கா இருந்துச்சாம். அந்தப் பூங்காவுக்குள்ள, வெள்ளைக்காரன் காலத்து நீராவி ரயில் ஒண்ணு இருந்துச்சாம். குட்டித் தண்டவாளம், குட்டிப் பெட்டி. சுத்திப் பார்க்க வர்றவங்களுக்காக ஓடிச்சு. எவ்வளவு தூரம்னு நினைக்கிறே? வாசல்ல இருந்து ஏரிக்கரை வரைக்கும்தான். குச்... குச்... கூ! அவ்வளவுதான், எறங்கு. ம் கொட்டு, அப்போதான் மேல சொல்லுவேன்.

போகும்போது இன்ஜின் முகத்தைக் காட்டிக்கிட்டுப் போகும். ஏரிக்கரையில அதைத் திருப்ப இடம் கிடையாது. அதனால டிரைவர் மரியசூசை அதைக் கழட்டி, பக்கத்துத் தண்டவாளத்துல விட்டு, ரயிலோட அந்தக் கோடியில மாட்டி, பின்பக்கமாவே ஓட்டிக்கிட்டு வருவார். யாருக்கும் இதுல ஒரு குறையும் தெரியலை, மேனேஜர் கோதண்டபாணியைத் தவிர.

அவருக்கோ டெல்லிக்கே ரயில் விடுறதா நினைப்பு. இருக்கிறது மூணு பெட்டி; அதுக்குக் கழுத்துல டை என்ன, கையில பச்சைக்கொடி என்ன! அப்போ ஒரு சேதி வந்துச்சு. ஜில்லாவுல இருக்கிற பூங்காவுக்கெல்லாம் சேர்த்து ஒரு தலைமை அதிகாரியைப் போடப் போறாங்க. ஆளைப் பார்க்கப் பெரிய ஆபீசரம்மாவே வர்றாங்க. கோதண்டபாணிக்கு அந்த நாற்காலி மேல கண்ணு. ரயில் திரும்பி வரும்போது வாசல்ல பத்திரிகைக்காரங்க படம் எடுப்பாங்க. அந்தப் படத்துல இன்ஜினோட பின்பக்கம் விழுந்தா நாற்காலி போயிடும்னு அவரே முடிவு கட்டிட்டார்.

முதல்ல என்ன செஞ்சார்? பின்பக்கத்துல கண்ணும் மூக்கும் மீசையுமா ஒரு முகத்தை வரையச் சொன்னார். பின்பக்கத்துல என்ன இருக்கும்? கரி. சாயங்காலத்துக்குள்ள முகம் முழுக்க மீசை ஆயிடுச்சு.

ம்?

அப்புறம் கிரேனைக் கூப்பிட்டார். கிரீச்... கிரீச்... தொம்! வாசல்லயே இன்ஜினைத் திருப்பி வெச்சாச்சு. இப்போ ஏரியில இருந்து வரும்போது முகம் முன்னால. கோதண்டபாணிக்குத் தலைகால் புரியலை. மறுபடி கிளம்புது பார், போகும்போது பின்பக்கமாப் போகுது! இப்படித்தான் ஆகும்னு, டை கட்டின கழுத்துக்கு மேல இருந்த தலைக்கு எட்டவே இல்லை.

அப்புறம் மூணாவது யோசனை. இன்ஜினைப் பழையபடி திருப்பி வெச்சுட்டு, கிரேனை ஏரிக்கரையில கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த நாளும் வந்துச்சு. ஆபீசரம்மா ஏறினாங்க. குச்... குச்... கூ! ஏரிக்கரை. உடனே கிரீச்... கிரீச்... இன்ஜின் ஆகாசத்துல தொங்குது. சங்கிலி சிக்கிக்கிச்சு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தம்மாவுக்கு வேர்த்து வடியுது.

"என்ன மேனேஜர், ரயில் கெட்டுப்போச்சா?"

"இல்லைங்கம்மா. முகத்தைத் திருப்புது."

"ஏன், என் மேல கோபமா?"

அப்படிக் கேட்டுட்டு எட்டிப் பார்த்தாங்க. பூங்கா வாசல் அங்கிருந்தே தெரியுது. இறங்கினாங்க, நடந்தாங்க, வாசல்ல வேர்க்கடலை வாங்கினாங்க. பத்திரிகைக்காரங்க அதைப் படம் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் அந்தம்மா கார்ல ஏற, நாற்காலியும் அந்தக் கார்லயே போயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் சிக்கு விட்டு, இன்ஜின் திரும்பி இறங்கிச்சு. தொம்! கோதண்டபாணி டையைச் சரிபண்ணிக்கிட்டு, முன்பெட்டியில ஏறி விறைப்பா நின்னார். குச்... குச்... கூ! முகத்தைக் காட்டிக்கிட்டு ரயில் வாசலுக்கு வந்துச்சு. அந்த அழகைப் பார்க்க அங்கே ஒரே ஒரு நாய் படுத்திருந்துச்சு. அதுவும் கண்ணைத் திறக்கலை.

நீயும் திறக்காதே. கதை அவ்வளவுதான், தூங்கு.