குருணைக்கு ஒரு பலகை

தாமிரபரணிக் கரையில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் சின்ன மடம் ஒன்று இருந்தது. அந்த மடத்துப் பூனைக்குக் குருணை என்று பெயர். குருணை அரிசிச் சாக்குகளுக்கு நடுவே பிறந்து, அங்கேயே கண் திறந்ததால் அந்தப் பெயர் வந்தது.

மடத்தை நடத்தியவர் பூரணி அம்மை. நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். அடுப்படி நல்லசிவத்தின் பொறுப்பில் இருந்தது. அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தன்னைவிட வயதில் இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டவர் அவர். அவர் "அம்மா" என்பார். அம்மை அவரை "அண்ணாச்சி" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

குருணை வளர்ந்தபிறகு அரிசி அறையில் எலி இல்லை. ஆனால் சமையல் மேடையில் எப்போது பார்த்தாலும் குருணை இருந்தது.

ஒருநாள் காலை சங்கரவடிவு ஆச்சி அடுப்படிக்குள் வந்தார். அமாவாசைதோறும் மடத்துக்கு அரிசி கொடுப்பவர் அவர். கடப்பைக்கல் மேடையில் வடைக்கு ஆட்டிய உளுந்தமாவு திறந்திருந்தது. பக்கத்தில் குருணை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சிந்திய மாவில் அதன் பாதம் பூப்பூவாகப் பதிந்திருந்தது.

"அண்ணாச்சி, இது அடுப்படியா, பூனை வீடா?"

நல்லசிவம் தலையைச் சொறிந்தார்.

"ஆடி அமாவாசை வருது. வெளியூர்க்காரங்கல்லாம் ஆத்துல தர்ப்பணம் முடிச்சிட்டுப் பசியோட வந்து உக்காருவாங்க. இலையில ஒரு முடி கிடந்தா யார் பதில் சொல்லுறது? அதுக்குள்ள இத மேடையில ஏறாமப் பழக்குங்க. முடியலன்னா சாக்குல கட்டி அக்கரையில விட்டிருங்க."

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அது நல்லசிவத்துக்கும் தெரியும்.

அன்றே வேலையைத் தொடங்கினார். குருணை ஏறினால் தண்ணீர் தெளித்தார். கரண்டியால் அண்டாவைத் தட்டினார். பூனைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மேடை ஓரமெல்லாம் எலுமிச்சைத் தோலைப் பரப்பினார். குருணை தோலை ஒதுக்கிவிட்டுப் படுத்தது.

நாளாக நாளாக ஒரு மாற்றம் தெரிந்தது. அவர் அடுப்படியில் நிற்கும்போது குருணை தரையிலேயே இருந்தது. அவர் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினால் மேடையில் இருந்தது. ஒருமுறை, போவதுபோலப் போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். குருணை கதவைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் கால் கடுத்து வெளியே வந்தபோதும் அது அதே இடத்தில்தான் இருந்தது.

அமாவாசை நெருங்கியது. ஒரு பகல்வேளை, மேடையில் காய்ச்சின பால் ஆறிக்கொண்டிருந்தது. அதன் அருகே குருணை. நல்லசிவத்துக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியாது. கையில் இருந்த தட்டத்தை வீசிவிட்டார்.

தட்டம் பூனைமேல் படவில்லை. மிரண்ட குருணை பால்சட்டிமேல் விழுந்து எழுந்து ஓடியது. பால் தரையெல்லாம் பரவியது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிய பூனை, சோறு வைத்துக் கூப்பிட்டபோதும் வரவில்லை. இருட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் அவரைப் பார்த்தன.

நல்லசிவம் தரையைத் துடைத்துவிட்டு அம்மையிடம் போனார். அம்மை முற்றத்தில் மந்தாரை இலை தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்னால முடியல. காலையில சாக்குல கட்டி அக்கரையில விட்டுட்டு வந்திருதேன்."

"விடலாம்" என்றார் அம்மை. "அது ஏன் மேடையில ஏறுது, அண்ணாச்சி?"

"ஏன்னா? திருடத்தான்."

"ஒண்ணும் இல்லாதப்ப ஏறாதோ?"

நல்லசிவம் யோசித்தார். "கழுவித் தொடச்சுப் போட்டிருந்தாலும் ஏறும்."

"அப்ப ஏன் ஏறுது?"



அம்மை தைத்த இலையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்கு நடந்தார். நல்லசிவம் பின்னால் போனார். அம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு முக்காலியில் கால் வைத்து, மேடைமேல் ஏறி உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

"நீங்களும் ஏறுங்க."

"அம்மா, யாராவது பாத்தா..."

"பாத்தாப் பாக்கட்டும். ஏறுங்க."

நல்லசிவம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அடுப்பை ஒட்டிய கல், காலையிலிருந்து வாங்கிய சூட்டை இன்னும் வைத்திருந்தது. இடுப்பு வலிக்கு இதமாக இருந்தது. தலைக்கு நேராக இருந்த சன்னல் வழியாக ஆற்றுக்காற்று வந்தது.

"என்ன தெரியுது?" என்று அம்மை கேட்டார்.

"ஆறு தெரியுது. படித்துறை தெரியுது. வாசல்ல யார் வந்தாலும் தெரியும்."

"உள்ள?"

"அரிசி ரூம் வாசல் தெரியுது. எலி வந்தாக்கூடத் தெரிஞ்சிரும்."

"அப்புறம்?"

நல்லசிவம் சுற்றிப் பார்த்தார். தனக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில், அடுப்புக்கு முன்னால் தரை தேய்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அவர் நிற்கும் இடம். அங்கே நிற்பவரின் முகம் இந்த மேடையிலிருந்து பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

"நான் நிக்கிற இடம் தெரியுது" என்றார் மெதுவாக.



"அது கேக்குறது நியாயமா, இல்லையா?" என்றார் அம்மை.

"நியாயந்தான். ஆனா இங்க ஆகாது."

"அப்ப எங்க ஆகும்?"

நல்லசிவம் மேடையிலிருந்து இறங்கினார். கொல்லையில் மழையில் நனைந்து கிடந்த பழைய கதவின் பலகை ஒன்றை எடுத்துவந்து கழுவிக் காயவைத்தார். சன்னலுக்குப் பக்கத்தில், மேடையைவிட ஒரு முழம் உயரத்தில், அடுப்பின் சூடு எட்டும் இடமாகப் பார்த்துச் சுவரில் பொருத்தினார். மேலே சாக்கை மடித்து விரித்தார். தன் வேலையைத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே பிடித்திருந்தது.

குருணைக்குப் பிடிக்கவில்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபிறகும் அது அவர் கைக்கு எட்டாத தூரத்திலேயே நடந்தது. அவர் கரண்டியை எடுத்தாலே ஓடியது. பலகைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"பலகை போட்டாச்சு. ஏற மாட்டேங்குதே அம்மா."

"தட்டம் எறிஞ்ச கைதானே பலகை போட்டது" என்றார் அம்மை. "அதுக்குக் கொஞ்சம் நாளாகும்."

நல்லசிவம் கரண்டியால் தட்டுவதை விட்டார். தண்ணீர்ச் செம்பையும் எடுத்து வைத்துவிட்டார். பால் காய்ச்சியதும் ஆடையைத் தனியாக எடுத்துப் பலகையின் ஓரத்தில் தடவி வைத்தார். முதலில் அவர் வெளியே போனபிறகு ஆடை காணாமல் போனது. பிறகு அவர் முதுகைத் திருப்பி நிற்கும்போது போனது. ஒருநாள் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருணை பலகைமேல் தாவி, நக்கி முடித்து, சாக்கை முன்னங்காலால் பிசைந்து பார்த்துவிட்டுப் படுத்தது. அவர் அசையாமல் நின்றார். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்காக மேடையை அது மறந்துவிடவில்லை. ஏறியபோதெல்லாம் நல்லசிவம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் வைத்தார். மேடையில் எதையும் திறந்து வைக்காமல் இருக்க அவரும் பழகினார். ஆட்டிய மாவுக்கு மூடி வந்தது. பால்சட்டி அலமாரிக்குள் போனது. சிந்தியதை உடனே துடைக்கும் வழக்கம் வந்தது.

"நான் அதப் பழக்குதேனா, அது என்னப் பழக்குதான்னு தெரியலம்மா."

"எனக்கும் தெரியல" என்று அம்மை சிரித்தார்.

ஆடி அமாவாசை வந்தது. படித்துறை கொள்ளாத கூட்டம். மடத்தில் பந்திமேல் பந்தியாக இலை விழுந்தது. வடை வேகும் வாசனை ஆறுவரை போயிற்று. சங்கரவடிவு ஆச்சி நேராக அடுப்படிக்குள் வந்து மேடையைப் பார்த்தார். மேடை துடைத்த கல்லாக இருந்தது. குருணை பலகைமேல் படுத்துச் சன்னல் வழியே கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆச்சி வாயைத் திறப்பதற்குள் குருணை எழுந்து சோம்பல் முறித்து, மெல்ல மேடைமேல் இறங்கியது.

நல்லசிவம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குருணையைத் தூக்கிப் பலகையில் வைத்தார். சாக்கைச் சரிசெய்தார். ஈரத்துணியால் மேடையைத் துடைத்தார். பிறகு போய் வடையைத் திருப்பிப் போட்டார்.

"ஒரு அதட்டுக்கூடப் போடலையே அண்ணாச்சி" என்றார் ஆச்சி.

"அதட்டுனா நான் இருக்கையில மட்டும் ஏறாதும்மா."

ஆச்சி பூனையைப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்தது. அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாம்பார் வாளியை எடுத்தார். அன்று பந்தி முடியும்வரை அவர்தான் பரிமாறினார். பூனையைச் சாக்கில் கட்டி விடும் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை.

சாயங்காலம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின் அம்மையும் நல்லசிவமும் படித்துறையில் உட்கார்ந்தார்கள். ஆற்றில் எள்ளும் பூவும் மிதந்து போயின. நல்லசிவம் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இந்தக் கரைக்கு வந்ததே மனைவி பொன்னுத்தாயின் சாம்பலைக் கரைக்கத்தான். கரைத்தபின் எங்கே போவது என்று தெரியவில்லை. படித்துறைக் கல்மண்டபத்தில் தங்கினார். பொழுது சாய்ந்தால் சாராயக் கடைக்குப் போவார். திரும்பி வந்து மடத்து வாசலில் விழுந்து கிடப்பார். வாசல் விளக்கு வைத்த இடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுவார். விரட்டச் சொல்லாத ஆள் கிடையாது. அம்மை ஒருநாளும் விரட்டவில்லை. குடிக்காதே என்றும் சொல்லவில்லை.

"அம்மா" என்றார் நல்லசிவம். "ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னைக்கு ஒருநாள் நான் கடைக்குக் கிளம்பிட்டிருந்தேன். நீங்க வாசலுக்கு வந்து, 'அண்ணாச்சி, கஞ்சி காய்ச்சத் தெரியுமா'ன்னு கேட்டீங்க. காய்ச்சினேன். அடிப்பிடிச்சிட்டு. குறை சொல்லாமக் குடிச்சீங்க. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து கேட்டீங்க. கடைக்குப் போற நேரம் கஞ்சி காய்ச்சற நேரமாயிட்டு." "நேரம் பாத்துத்தான் கேட்டிருக்கீங்க. குருணையத் தூக்கிப் பலகையில வைக்கும்போதுதான் இத்தன வருசம் கழிச்சு எனக்கு உறைக்குது. அம்மா, ஒரு வார்த்த அதட்டாம என்னத் தூக்கி வச்சிருக்கீங்க."

அவர் கைகூப்பினார்.

அம்மை அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நான் அவ்வளவு யோசிக்கல, அண்ணாச்சி. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். அடுப்புப் பத்தவைக்க ஆள் இல்ல. பசிச்சுது. வாசல்ல நீங்கதான் இருந்தீங்க."

"மறுநாளு?"

"மறுநாளும் பசிச்சுது."