எருமைக் காதில் குடியேறிய உண்ணிகள்

ஆற்றங்கரைக் காட்டில் ஓர் எருமை மந்தை மேய்ந்தது. அந்த எருமைகளுக்கு உண்ணி பொறுக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பொன்மூக்கி என்ற மைனா. இன்னொருவன் நெட்டையன் என்ற உண்ணிக்கொக்கு. பொறுக்கித் தின்பதே கூலி.

காதுக்குள் ஒளிந்திருக்கும் கொழுத்த உண்ணி யாருக்கு என்று தினமும் சண்டைதான். "தள்ளுடா கழுத்தா!" "போடி குள்ளச்சி!" சண்டை போட்டுக்கொண்டே சிரிப்பார்கள்.

கோடை வந்தது. புல் கருகியது. மந்தைத் தலைவன் கூழைக்கொம்பன் பொன்மூக்கியைத் தனியே கூப்பிட்டான்.

"இனி ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்லை. நெட்டையனை நிறுத்தப் போறேன். வெளியில வாயைத் திறக்காதே!"

பொன்மூக்கிக்கு 'அப்பாடா' என்றிருந்தது. பனைமரப் பொந்தில் அவளுடைய குஞ்சுகள் வாயைப் பிளந்து காத்திருந்தனவே! அடுத்த நொடியே அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பாவம் நெட்டையன்!

மறுநாள் அவனை ஏறிட்டுப் பார்க்கவே முடியவில்லை. காதுக்குள் ஒரு கொழுத்த உண்ணி தெரிந்தது. "நீங்க எடுத்துக்குங்க" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்! நீங்களே எடுத்துக்குங்க" என்றான் நெட்டையன்.

'நீங்க'வாம்! நேற்றுவரை வாடா, போடி என்று கத்தியவர்களுக்கு எங்கிருந்து வந்தது இந்த மரியாதை?

போகிறவன் வயிறாரத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று அவள் நல்ல உண்ணிகளையெல்லாம் விட்டுவைத்தாள். அவனும் தொடவில்லை. உண்ணிகளுக்குக் கொண்டாட்டம்! காது, கழுத்து, வாலடி என்று குடும்பம் குடும்பமாகக் குடியேறின. பொந்தில் குஞ்சுகள் அரை வயிற்றோடு கிடந்தன.

கூழைக்கொம்பன் மரத்தில் உரசி உரசித் தோலைக் கிழித்துக்கொண்டான். "ரெண்டு பேர் இருந்தும் இந்த அரிப்பா? ரெண்டு பேருமே போங்க!" என்று கத்தினான்.

பொன்மூக்கிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உன்னை நிறுத்தப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் உனக்கு விட்டுவெச்சேன்டா!"

நெட்டையன் திகைத்தான். "என்னையா? உன்னை நிறுத்தப் போறதாத்தானே என்கிட்ட சொன்னாரு! குஞ்சுக்காரியாச்சேன்னு நான் எதையும் தொடலை!"

இருவரும் ஆளுக்கொரு கொம்பில் ஏறி நின்றார்கள். "தலைவரே! நிஜமா யாரைத்தான் நிறுத்தப் போறீங்க?"

கூழைக்கொம்பன் தலையைத் தொங்கப்போட்டான். "முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழலை. அதான் ரெண்டு பேர்கிட்டயும் அடுத்தவர்தான்னு சொல்லிட்டேன். பாதி மந்தை நாளைக்கு அக்கரைக்குப் போகுது. மிச்சத்துக்கு ஒருத்தர் போதும். ரெண்டு பேரும் போங்கன்னது கோவத்துல சொன்னது."

"அப்ப நான் அக்கரைக்குப் போறேன். இவ குஞ்சுகளை விட்டுட்டு எங்க போவா?" என்றான் நெட்டையன்.

"அங்க வேலைக்குக் காக்காயைப் பேசி முடிச்சிட்டாங்களே!" என்றான் கூழைக்கொம்பன்.

பொன்மூக்கி அங்கே நிற்கவில்லை. அக்கரைக்குப் போகும் மந்தையை நடத்தும் எருமை சடைச்சியிடம் நேரே பறந்தாள். "அம்மா! காக்கா கொத்தினா காது புண்ணாகும். எங்க நெட்டையன் அலகு பட்டதே தெரியாது! நானே அவன்கிட்ட கத்துக்கிட்டவதான்!"

"இதை முன்னாடியே வந்து சொல்லக் கூடாதா?" என்று சடைச்சி பெருமூச்சு விட்டாள். "சரி, வரச் சொல்லு. இப்போதைக்குக் காக்காயோட பங்கு போட்டுக்கட்டும்."

விடிந்ததும் மந்தை ஆற்றில் இறங்கியது. சடைச்சியின் முதுகில் நெட்டையன் நின்றான். பொன்மூக்கி பாதி ஆறுவரை கூடவே பறந்தாள்.

"பட்டினி கிடக்காதேடா!"

"நீயும்தான்! குஞ்சுங்க தேடும், திரும்பிப் போ!"

அவள் திரும்பினாள். மனசு கனத்தது. ஆனால் அதில் ஒளித்து வைக்க இப்போது ஒன்றும் இல்லை.

ஆகவே, உடன் வேலை செய்பவருக்குக் கஷ்டம் வரும்போது விஷயத்தை ஒளித்துக்கொண்டு காட்டும் பரிவைவிட, மனம்விட்டுப் பேசும் ஒரு வார்த்தையே உதவும்.