ரெண்டாவது தடவை கூப்பிட்டா

ஒரு ஊர்ல ஒரு சிப்பாய் இருந்தார்னு வச்சுக்கோ. இரு, காலை நீட்டிப் படுடி கண்ணு. காரியத்துக்கு வந்தவங்க எல்லாரும் போயாச்சு, பாயெல்லாம் சுருட்டியாச்சு, பெரியம்மாவுக்கு இடுப்பு ஒடியுது. ஒரே கதைதான். நீ "ம்" சொல்லணும். சொல்லலைன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அவர் பேரு முனிரத்தினம். முதுகுல ரேடியோப் பெட்டி சுமக்கிற சிப்பாய். பனிமலையில சண்டை. காத்து உஸ்ஸ்... உஸ்ஸ்னு அடிக்கும், பெட்டி கொர்ர்ர்னு கரகரக்கும். பொழுது சாய்ஞ்சதும் மேல காவலுக்குப் போனவங்களை அவர் ஒவ்வொரு பேராச் சொல்லிக் கூப்பிடணும். இருக்கிறவங்க "ம்"னா போதும். அப்புறம் ஒரு நாள் "தேவசகாயம்"னு கூப்பிட்டார். கொர்ர்ர். மறுபடி கூப்பிட்டார். கொர்ர்ர். பேட்டரி தீர்ற வரைக்கும் கூப்பிட்டாராம். "ம்" வரவேயில்லை.

அப்புறம் பட்டாளம் முடிஞ்சு வேலூர்ப் பக்கம் வீட்டோட வந்துட்டார். தனபாக்கியம்னு பொண்டாட்டி, மூணு பொண்ணுங்க. ஆனா அந்தப் பழக்கம் விடலை. தினம் விளக்கு வச்சதும் வாசல்ல நின்னுப்பார். "வேதவல்லி! இந்திராணி! சுகந்தி!" ம், ம், ம். கடைசியா "தனபாக்கியம்!" அந்தம்மா வாயே திறக்க மாட்டாங்க. ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான் அடுப்படியிலேர்ந்து சத்தம் வரும். "ம்... எங்க ஓடிப் போயிட்டேன்?" அதுக்கப்புறம்தான் அவருக்குச் சோறு இறங்கும். ம்?

"ம்."

அப்போ பெரியவ வேதவல்லி கடல் தாண்டி வேலைக்குப் போனா. அவர் விட்டாரா? இங்க விளக்கு வைக்கிறப்போ அங்க காலை. டிரிங், டிரிங். அவ பல் விளக்கிக்கிட்டே, வாயெல்லாம் நுரையோட "ங்ம்"னுவா. டொக். போனை வச்சிடுவார். வேற பேச்சே கிடையாது. இருபது வருசம், கண்ணு.

அப்புறம் தனபாக்கியம் செத்துப் போயிட்டாங்க. பெரியவ வந்தா, திரும்பிப் போகலை. அன்னைக்குச் சாயங்காலம் அவர் வழக்கம்போல வாசல்ல நின்னார். மூணு "ம்" வந்துது. "தனபாக்கியம்!"

"அம்மா இல்லைப்பா"ன்னா இந்திராணி.

மறுபடி கூப்பிட்டார். சோத்தைத் தொடலை. மறுநாளும் அப்படியே. மூணாம் நாள் அவர் கூப்பிட்ட உடனே பெரியவ அடுப்படிக்குள்ள நின்னுக்கிட்டு "ம்"னா.

அவர் எட்டிப் பார்த்தார். "அடி கள்ளி. உங்கம்மா என்னைக்குடி மொதல் தடவையிலேயே பதில் சொல்லியிருக்கா?"

சிரிச்சார். சாப்பிட்டார். அதுலேர்ந்து பெரியவ ரெண்டாவது தடவைக்குக் காத்திருந்து சொல்லுவா.

"அந்தப் பெரியவ நீதானே பெரியம்மா?"

கதை கேக்கிறவங்க "ம்" மட்டும்தான் சொல்லணும்.

"...ம்."

அப்புறம் அவருக்கு எண்பத்தாறு வயசு. கட்டிலோட கட்டிலா ஆயிட்டார். கஞ்சி இறங்கலை, கண்ணும் மூடலை. டாக்டர் பார்த்துட்டு, "எல்லாரையும் வரச் சொல்லிடுங்கம்மா"ன்னுட்டார். வந்தாங்க. படுத்தபடியே கூப்பிடுறார், காத்து மாதிரிக் குரல். மூணு பேரும் சொன்னாங்க. அம்மாவுக்கும் சேர்த்துப் பெரியவ சொன்னா, ரெண்டாவது தடவையில. அப்பவும் கண்ணு மூடலை. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறார். யாரோட பேரோ விட்டுப் போச்சு.

"தேவசகாயமாப்பா?"

இல்லைன்னு தலையை ஆட்டினார்.

அப்போதான் பெரியவளுக்கு உறைச்சுது. அம்பது வருசமா எல்லாரையும் கூப்பிட்டாரே, அவரை யாரு கூப்பிட்டா? காதோரம் குனிஞ்சா. அப்பான்னு கூப்பிடலை.

"முனிரத்தினம்!"

பதிலே இல்லை.

"முனிரத்தினம்!"

"ம்..."ன்னார். "எங்க ஓடிப் போயிட்டேன்?"

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டார்.

ம்?

கண்ணு?

சரி, சரி. மூச்சு உஸ்ஸ்னு சீரா வருது. உன்னை ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டேன். எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு, கதையும் வந்து சேர்ந்தாச்சு. நீ தூங்கு.