ஐயாயிரம் வாட்ஸ் பெட்டி

பாளையங்கோட்டை கார் ஆடியோ கடையில் ஃபிட்டராக இருந்த நயினார், எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஒருநாள் ரோடு காண்ட்ராக்டர் தளவாய் ஓர் ஆம்ப்ளிஃபயரோடு வந்தார். அதன் அட்டைப் பெட்டியில் ஐயாயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இருக்கிறதிலேயே பெரிய சப்வூஃபர் ஸ்பீக்கரை இதுல மாட்டுலே. தெருவே அதிரணும். அதிரலைன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல."

முதலாளியும் தலையாட்டினார்.

நயினார் பணிவாகச் சொன்னான்: "அண்ணாச்சி, எனக்குக் கணக்கு வராது. இதுல முப்பது ஆம்பியர் ஃபியூஸ் இருக்கு. அதுக்கு மேல கரண்ட் இழுத்தா ஃபியூஸ் போயிரும். கார் பேட்டரி பன்னெண்டு வோல்ட். ரெண்டையும் பெருக்கினா எத்தனை வாட்ஸ்னு சொல்லுங்களேன்."

கடையே பார்க்க, தளவாய் விரல்விட்டுப் பெருக்கினார். "முந்நூத்தி அறுபது."

"அப்போ பாக்கி எங்க போச்சு அண்ணாச்சி?"

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "ரோடு காண்ட்ராக்டர்கிட்ட போய் அதைக் கேக்கியே."

தளவாயின் முகம் சுருங்கியது. நயினாருக்கே பாவமாகிவிட்டது. அந்த ஆம்ப்ளிஃபயருக்குத் தோதான சின்ன வூஃபராகப் பார்த்துப் பொருத்தினான். தெரு அதிரவில்லை, கார் கண்ணாடி நன்றாகவே அதிர்ந்தது.

தளவாய் அவன் காதருகே குனிந்தார். "தம்பி, அந்த அட்டைப் பெட்டியைப் பின்சீட்டுல நாலு பேருக்குத் தெரியிற மாதிரி வச்சிரு."