செல்லாக்காசு நாற்காலி

நம்புகிறவர்கள் பாட்டுக்கு நம்பிவிட்டுப் போகட்டும். நம்பாதவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பேச்சியம்மன் கோயிலில் அன்றைக்கு உண்டியல் திறப்பு. எண்ண வருகிறவர்கள் பை வைத்த சட்டை போடக்கூடாது. ஆகவே ஆம்பிளைகள் வேட்டியும் துண்டுமாக ஒரு வரிசை, பொம்பிளைகள் எதிர் வரிசை, நடுவில் மலையாகக் காசு. எல்லாருக்கும் தரைதான். மண்டபத்தில் இருந்த ஒரே நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்தது. செல்லாக்காசு பார்த்துப் பிரிக்கிறவருக்கு மட்டும்தான் அந்த ஆசனம். வழக்கமாக அதில் உட்காரும் பழைய பேங்க் காசாளர் இந்தத் தடவை மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்தே அவர் கண் நாற்காலி மேல்தான்.

"செல்லாக்காசு பார்க்கத் தெரிஞ்சவங்க யாராவது..." என்று கோயில் செயல் அலுவலர் தமயந்தி அம்மா கேட்டு முடிக்கவில்லை. ஆவுடையப்பன் கை மேலே போய்விட்டது.

பக்கத்தில் இருந்த டீக்கடை மந்திரமூர்த்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "உமக்கு எப்படிவே தெரியும்?"

"எப்படியா? காதுவே, காது! டவுன் பஸ்ல போறேன். வளைவுல பஸ் திரும்புது, கண்டக்டர் பை குலுங்குது. 'தம்பி, பைக்கு அடியில ஒரு காசு தொண்டை கட்டிக்கிட்டு அழுது, எடுத்துப் பாரு'ன்னேன். எடுத்தான். கள்ளக்காசு! பஸ்ஸை ஓரங்கட்டிட்டு என் கால்ல விழுந்துட்டான்."

"இப்ப வார காசெல்லாம் ஒரே மாதிரி டக்குனுதானவே விழுது?"

"அதனாலதான் காதை விட்டுட்டு மூக்குக்கு மாறிட்டேன். கள்ளக்காசு கிட்ட வந்தா எனக்குத் தும்மல் வந்துரும். அஞ்சு ரூபாய்க்கு ஒரு தும்மல், பத்து ரூபாய்க்கு ரெண்டு. சந்தைக்குள்ள என்னால நடக்க முடியாது. நான் தும்முனா வியாபாரிக கல்லாவை மூடிட்டு ஓடுவானுக."

மந்திரமூர்த்தி காசு மலையைக் காட்டினார். "இம்புட்டுக் காசு கெடக்கு, ஒரு தும்மலையும் காணோமே?"

"காலையில பொடி போட்டுட்டேன். மூக்கு அடைச்சிருக்கு" என்றார் ஆவுடையப்பன், கொஞ்சமும் அசராமல்.

பொம்பிளைகள் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அங்கே நோட்டில் ஒட்டிய மஞ்சளைத் தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி செண்பகம் மட்டும் தலை நிமிரவில்லை. செயல் அலுவலரும் சிரித்தார். ஆனால் நாற்காலியைக் காட்டவில்லை. ஆவுடையப்பன் முழங்காலைத் தடவிக்கொண்டு அடுத்த படிக்கு ஏறினார்.

"பாளையங்கோட்டையில ஒரு பச்சப்புள்ள காசை முழுங்கிட்டு. டாக்டர் கத்தியும் கையுமா நிக்காரு. நான் வயித்துல காதை வச்சுப் பாத்தேன். 'கத்தியக் கீழ போடுங்க. இது கள்ளக்காசு, காலையில தானா வெளிய வந்துரும்'னேன்."

"அது எப்படிவே?"

"நம்ம ஊருல கள்ளக்காசு எந்த இடத்துலவே தங்கியிருக்கு? கைக்குக் கை போய்க்கிட்டே இருக்கும்லா! நல்ல காசுன்னாத்தான் உள்ளயே தங்கிரும்."

மண்டபமே காசு சலிக்கும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. அந்தச் சூட்டோடு அவர் விட்டார்: "கள்ளக்காசு அடிக்கிறவனே விடிஞ்சா எங்கிட்டக் காட்டத்தான் வரிசையில நிப்பான். ஒருத்தன் கொண்டாந்தான். அசல் தோத்துரும், அப்படி வேலைப்பாடு. 'நடுச் சிங்கத்துக்கு மீசையில ஒரு முடி கொறையுதே தம்பி'ன்னேன். அழுதுட்டான். அன்னைக்கோட அந்தத் தொழிலை விட்டுட்டு இப்ப இட்லித் தட்டு அடிக்கான். பழகுன கை பாருங்க, அவன் தட்டுல ஊத்துன ஒவ்வொரு இட்லியிலயும் சிங்கம் நிக்குது!"

"மீசையோடயா?"

"முழு மீசையோட! எங்க வீட்டு வாசப்படிய இன்னைய வரைக்கும் ஒரு கள்ளக்காசு தாண்டுனதில்ல. அட, காசைக் கையில குடுங்க, கொண்டாந்தவன் எப்படிப்பட்ட ஆளுன்னே சொல்லுதேன்."

அந்த நேரம் பார்த்து மந்திரமூர்த்தி கையில் ஒரு மஞ்சள்துணி முடிச்சு அகப்பட்டது. அவிழ்த்துத் துணியைக் குப்பைக் கூடையில் போட்டார். உள்ளே பத்து ரூபாய்க் காசுகள். நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் உரிந்து வந்தது.

"இது கள்ளக்காசுன்னு எங்கடை ஈக்குக்கூடத் தெரியும். கொண்டாந்த ஆளைச் சொல்லும்வே."

"சரியாச் சொல்லுங்க, நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார் செயல் அலுவலர்.

ஆவுடையப்பன் காசுகளை உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வாய் எப்போது அதற்கெல்லாம் காத்திருந்தது?

"ஆம்பிளை ஆளு. வயசானவன். கண்ணு மங்கல், ஆனா கண்ணாடி போட மாட்டான், கௌரவம். கடையில சாமான் வாங்கப் போனா பேச்சு சுவாரசியத்துல மிச்சக் காசை என்ன ஏதுன்னு பாக்காம வாங்கிட்டு வந்துருவான். வாயி மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும். மொத்தத்துல, சரியான ஏமாளி!"

எல்லார் கண்ணும் செயல் அலுவலர் பக்கம் திரும்பியது.

"இம்மியும் தப்பில்லம்மா, சரியாத்தான் சொல்லுதாரு" என்றது எதிர் வரிசையில் ஒரு குரல். செண்பகம் இப்போதுதான் தலை நிமிர்ந்திருந்தாள். "முடிஞ்சு போட்டது நான். வீட்டுக்குக் கொண்டாந்தது இவரு."

"அம்மனுக்கே செல்லாக்காசா?" என்று செயல் அலுவலர் முகம் மாறினார்.

"காணிக்கை நல்ல காசாத் தனியாப் போட்டுட்டேம்மா. இது முறையீடு. 'தாயே, இந்த மனுசனுக்குக் கண்ணத் தொறந்துவிடு'ன்னு அத்தாட்சியோட போட்டேன். கள்ளக்காசு வாசப்படி தாண்டலங்கதும் நெசந்தான். நடையிலயே மறிச்சுக் கையில உள்ளதை வாங்கிப் பாத்துட்டுத்தான உள்ள விடுதேன்!"

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அடங்கியபோது நாற்காலியில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். காற்று அவள் முந்தானையை விசிறியது. காசுகள் அவள் விரல் வழியே நல்லதும் செல்லாததுமாகப் பிரிந்து விழுந்தன.

தரையில் காலை நீட்டிக்கொண்ட ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தொழிலை அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்."

"இல்லன்னு யாருவே சொன்னா?" என்றார் மந்திரமூர்த்தி. "பாடத்துக்கு வேண்டிய காசையும் நீருதானவே கொண்டாந்து குடுத்தீரு!"